ஜூனா கூப்பிட்ட ஆட்கள்

காஷ்மீரில் சோப்பூர் என்ற ஊரின் கணக்கு வாத்தியார் அசதுல்லா மிர், அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தோட்டத்து நடுவில் நின்றுகொண்டு, வானத்தையும் மனைவியையும் சாட்சி வைத்து ஒரு சபதம் செய்தார்.

"ஜூனா, நல்லாக் கேட்டுக்கோ. இந்தக் குளிர்காலத்துக்குன்னு நம்ம வீட்டிலேர்ந்து ஒரு ரூபா வீணாப் போகக் கூடாது."

ஜூனா கத்தரிக்காயைக் கீறிக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கொடி நிறைய சுரைக்காய் வளையங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் நிமிரவில்லை.

"அப்ப புகாரி?"

"என்ன புகாரி?"

"இரும்பு அடுப்புங்க. உங்க தம்பி வீட்ல இருக்கே, அதுதான். நாலு விறகைப் போட்டா அறையே வெதுவெதுன்னு இருக்கு. மூணு வருஷமாக் கேக்கறேன்."

"மூணு வருஷமா நானும் வேண்டாம்னு சொல்றேன். ஆளுக்கொரு காங்ரி இருக்குல்ல? கூடைச் சட்டியில கனலைப் போட்டு ஃபெரன் அங்கிக்குள்ள வச்சுக்கிட்டா அவங்கவங்க குளிருக்கு அவங்கவங்க கூடை. எதுக்கு அறையைச் சூடாக்கணும்? அறைக்கா குளிருது?"

"சரிங்க," என்றாள் ஜூனா.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சுருக்காகச் 'சரிங்க' சொன்னதே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அப்போதே உஷாராகியிருப்பார்கள். மாஸ்டருக்கோ மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

திங்கட்கிழமை காலையில் ஜூனா கேட்டாள்: "ஏங்க, ஜன்னலுக்குப் பாலிதீன் அடிக்கத் தச்சரைக் கூப்பிடட்டுமா?"

"தச்சரா? ஒரு தாளை ஆணியில மாட்டறதுக்கா? எனக்கு ரெண்டு கை எதுக்கு இருக்கு?"

"நானும் ரொம்ப நாளா அதைத்தான் யோசிக்கறேன்."

மாஸ்டர் சுத்தியலை எடுத்தார். பழைய ஃபெரனைக் கிழித்து இடுக்குகளில் திணித்தார். போன வருஷத்துப் பாலிதீனையே துடைத்து எடுத்து வந்து ஏழு ஜன்னலுக்கும் அடித்தார். ஏழாவது ஜன்னலில் மட்டும் தம் சட்டைக் கையையும் சேர்த்து அடித்துவிட்டார். சந்தைக்குப் போன ஜூனா திரும்பி வரும்வரை, வலது கையை உயர்த்தியபடி, பாடம் தெரிந்த பையனைப் போல நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, ஏதாவது கேக்கணுமா?" என்றாள் ஜூனா.

"முதல்ல ஆணியைப் பிடுங்கு."

புதன்கிழமை, "பனிக்காலத்துக்கு டர்னிப் கிழங்கைப் புதைச்சு வைக்கக் குழி வெட்டணும், ஒரு கூலி ஆளைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

குழி வெட்ட ஆளா! மாஸ்டர் மண்வெட்டியோடு இறங்கினார். இடுப்பளவு ஆழம். அடியில் வைக்கோல், மேலே டர்னிப், காரட், மறுபடி வைக்கோல், மறுபடி மண். மேடு கட்டி, மிதித்து, தட்டி முடித்து, தம் கைவேலையை ரசிக்கலாம் என்று பார்த்தால் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. மூக்கின் மேல் கண்ணாடி இல்லை.

குழியை மறுபடியும் தோண்ட வேண்டியதாயிற்று.

"மண்ணுக்குள்ள இருட்டா இருக்குமேன்னு டர்னிப்புக்குக் கண்ணாடி போட்டு விட்டீங்களா?" என்று ஜூனா கரிசனத்தோடு கேட்டாள்.

அடுத்த வாரம் தோட்டத்துச் சினார் மரம் இலைகளைக் கொட்டித் தீர்த்தது. காங்ரிக்குக் கரி வாங்க வண்டிக்காரரைக் கூப்பிடட்டுமா என்று ஜூனா வாயெடுப்பதற்குள் மாஸ்டர் துடைப்பத்தைத் தூக்கிவிட்டார். இலைகளைக் கூட்டி, குவித்து, கொளுத்தி, தண்ணீர் தெளித்து, மூட்டை மூட்டையாகக் கரி செய்தார். மாலையில் பக்கத்து வீட்டு தாஜா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஜூனா! உங்க தோட்டத்துல யாரோ கரி வியாபாரி நிக்கறார். மாஸ்டர் இல்லையா?" என்று கத்தினாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நவம்பர் பிறந்தபோது அந்தத் தெருவிலேயே அவ்வளவு தயாராக இருந்த வீடு வேறில்லை. ரோஜாச் செடிகளுக்கு வைக்கோல் போர்த்தியாயிற்று. ஆப்பிள் மரத்தின் காய்ந்த கிளைகளைக் கழித்தாயிற்று. ஜன்னல் வழியாகக் காற்று வேண்டுமானால் விலாசம் விசாரித்துக்கொண்டுதான் வர வேண்டும். உடம்பில் வலிக்காத இடம் இல்லை என்றாலும் மாஸ்டருக்கு மனசு நிறைந்திருந்தது. தாமே ஒரு வீட்டைப் பெற்று வளர்த்தது போலத் தினமும் நாலு தடவை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

அப்படிச் சுற்றி வந்த ஒரு மத்தியானத்தில், சுவரோரம் விறகை அடுக்கிக்கொண்டிருந்தவர் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. ஜூனா, தாஜா வீட்டு முற்றத்தில் இருந்தாள்.

"எப்படி ஜூனா இது? எங்க வீட்டுக்காரர் விழுந்த தலகாணியை எடுக்க மாட்டார். உங்க வீட்டுக்காரர் குழி வெட்டறார், கரி சுடறார்!"

"அதுவா? செய்யுங்கன்னு சொன்னாச் செய்ய மாட்டார். ஆளைக் கூப்பிடறேன்னு சொல்லணும். காசு போயிடுமேன்னு அவரே ஓடிப் போய்ச் செஞ்சுடுவார்."

"அடியம்மா! ஆளைக் கூப்பிடறேன்னு சொல்லியே ஆளை ஆளுறியே!"

"இன்னும் தகரக் கூரைதான் பாக்கி. ஓட்டை அடைக்க ஆளைக் கூப்பிடறேன்னு நாளைக்குச் சொல்லப் போறேன். பாரு, ஏணியோட நிப்பார்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் மாஸ்டரின் கையிலிருந்து விறகு நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் 'ஆ' என்று கூடச் சொல்லவில்லை. அவ்வளவு கோபம்.

அன்று முழுவதும் யோசித்து ஒரு திட்டம் போட்டார். சின்னத் திட்டம்தான். அவள் ஆளைக் கூப்பிடட்டுமா என்றால், கூப்பிடு என்று சொல்லிவிடுவது! அவளிடம் ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

மறுநாள் உப்புத் தேநீரும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது ஜூனா மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒரு ஆளைக் கூப்பிடணும்..."

"கூப்பிடு," என்றார் மாஸ்டர், மீசைக்குள் சிரித்தபடி.

ஜூனாவின் கண் அகலமாயிற்று. "நிஜமாவா? காசு ஆகுமே!"

"ஆகட்டுமே."

"அப்புறம் ஏன் கூப்பிட்டேன்னு சத்தம் போடக் கூடாது."

"போடவே மாட்டேன்."

"தாஜாவை வச்சுக்கிட்டு இதையே சொல்வீங்களா?"

"தெருவையே கூப்பிடு, சொல்றேன்! ஒரு ஆள் எதுக்கு ஜூனா? ரெண்டு ஆளாக் கூப்பிடு!"

தாஜா வந்தாள். மாஸ்டர் அவள் முன்னாலும் கணீரென்று சொன்னார். ஜூனா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். மாட்டிக்கொண்டாள் என்று மாஸ்டர் இன்னொரு கோப்பை தேநீரை ஊற்றிக்கொண்டார்.

கோப்பை பாதி காலியாவதற்குள் வாசலில், "பார்த்து, பார்த்து, நிலைப்படி இடிக்குது!" என்று சத்தம் கேட்டது. இரண்டு ஆட்கள் ஒரு புகாரியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்கள். பின்னால் ஜூனா, புகைக்குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு.

"இது... இது என்ன?"

"புகாரிங்க. தூக்கிட்டு வந்து மாட்டித் தரத்தான் ஆள் கேட்டேன். ஒரு ஆள் தூக்கற மாதிரி சின்னதைத்தான் பார்த்து வச்சிருந்தேன். நீங்கதான் மகராசன், ரெண்டு ஆள்னு சொல்லிட்டீங்க. அதான் பெரிசா எடுத்துட்டேன்."

"காசு?"

"தச்சருக்குக் குடுக்காதது, கூலி ஆளுக்குக் குடுக்காதது, கரி வண்டிக்குக் குடுக்காதது. எல்லாம் நீங்க மிச்சம் பிடிச்சதுதாங்க!"

மாஸ்டர் வாயைத் திறந்தார். எதிரே தாஜா சாட்சியாக நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

ஆட்கள் அரை மணி நேரத்தில் புகாரியை மாட்டி, ஆப்பிள் கிளைகளைப் போட்டு மூட்டிவிட்டுப் போனார்கள். இரும்பு மெல்லச் சிவந்தது. அறை முழுக்க ஆப்பிள் மர வாசனை. மாஸ்டர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். திருப்பியதால் முதுகு அடுப்புப் பக்கம் வந்தது. குழி வெட்டின முதுகு. இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். கண் சொருகியது. சுகமாகத்தான் இருந்தது, அதை மட்டும் அவர் எவரிடமும் சொல்வதாக இல்லை.

ஜூனா தேநீர் கொண்டுவர உள்ளே போனதும் தாஜா அவர் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டாள்:

"மாஸ்டர், நேத்து சுவரோரம் நாங்க பேசினது உங்களுக்குத் தெளிவாக் கேட்டுச்சுல்ல? இன்னும் சத்தமாப் பேசு, இன்னும் சத்தமாப் பேசுன்னு சொல்லி ஜூனா என் தொண்டையே கட்ட வச்சுட்டா!"