கரிச்சான் வெளுத்த கதை

ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு, பஞ்சு பொம்மை மாதிரி ஒரு பூடில் நாயை வளர்ப்பதா? கூடாது என்று பதினோரு நாள் போராடினேன். தோற்றேன். பன்னிரண்டாம் நாள் காலையில் காபி டம்ளரை ணங்கென்று வைத்து அறிவித்தேன்.

"நாய் உன் இஷ்டம். நிறம் என் இஷ்டம். கறுப்புதான்!"

என் மனைவி கமலவல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"எனக்கு வெள்ளி நிறந்தான் பிடிக்கும்."

"வெள்ளிக்குப் பொறவு சனிதான் வரும்! ஊரெல்லாம் வெள்ளை நாய். நம்ம நாய் கன்னங்கரேல்னு தனியாத் தெரியணும்."

"சரி, கறுப்பே இருக்கட்டும். ஆனா கலரு ஒங்க இஷ்டம்னா சீப்பும் ஒங்க கையில. பூடிலுக்குத் தெனமும் முடி சீவணும்."

"தாராளமா!" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் 'சரி' என்று சொன்னது அன்றைக்குத்தான். அந்த மகிழ்ச்சியில் நாய்க்கென்ன, கரடிக்கே தலை வாரிவிடத் தயாராக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பூடில் வளர்த்து விற்கும் காளீஸ்வரி வீட்டுக் கூடத்தில் மூன்று குட்டிகள் உருண்டன. மூன்றும் கரித்துண்டு. முகத்திலும் பாதத்திலும் மட்டும் முடியை ஒட்ட வழித்திருந்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கமலவல்லி ஒவ்வொரு குட்டியாக வாசல் வெயிலுக்குத் தூக்கிப் போனாள். மூஞ்சியை ஊதி ஊதிப் பார்த்தாள். பாதத்தை விரித்துப் பார்த்தாள்.

"என்னட்டி, நாய்க்குக் கைரேகை பாக்கியா?"

"செத்த நேரம் சும்மா இருங்க" என்றவள், மூன்றாவது குட்டியை என் மடியில் போட்டாள். "இதுதான்."

மூன்றும் ஒரே கறுப்பு. எது வந்தால் எனக்கென்ன?

கரிச்சான் என்று நானே பெயர் வைத்தேன். சாயங்காலம் தெருவில் ஊர்வலம் போனேன். பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்துவை நிறுத்தி வைத்து, "வீட்டுல ஆம்பள சொல்லு எடுபடணும்வே" என்று பாடம் நடத்தினேன். தினமும் முக்கால் மணி நேரம் முடி சீவினேன். ஜெயித்தவனுக்குக் கை வலிக்குமா?

ஆறாம் மாதம் கரிச்சானின் மூஞ்சி சாம்பலானது. ஷாம்பூ சரியில்லை என்று மாற்றினேன். எட்டாம் மாதம் கால்கள். கரிசலாங்கண்ணித் தைலம் தடவினேன். அவன் நக்கியே தீர்த்துவிட்டான். ஒன்றரை வயதில் வால் நுனிவரை தகதகவென்று வெள்ளி!

பேச்சிமுத்து மதில்மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, சாயம் வெளுத்துட்டு போலுக்கே?"

நாயைத் தூக்கினேன், மனைவியைப் பின்னால் ஏற்றினேன், பைக்கை நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டேன்.

"காளீஸ்வரி, கறுப்புன்னு சொல்லி எந்தலையில மொளகா அரைச்சிட்டியே!"

"நான் எங்க அண்ணாச்சி அரைச்சேன்? வெள்ளிப் பூடிலு பொறக்கையில கறுப்பாத்தான் பொறக்கும். மூஞ்சியை வழிச்சாத்தான் அடிமுடியில வெள்ளி தெரியும். அக்காதான் மொத நாளே போன் போட்டு, 'வழிச்சு வையி, நான் பாத்து எடுத்துக்கிடுதேன்'னு சொன்னாவ."

திரும்பினேன். கமலவல்லி நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி? கடுகளவுகூட இல்லை.

"அதெல்லாம் முடியாது! நான் வாங்கினது கறுப்பு. இதைத் திருப்பி எடுத்துக்கோ!" என்று கத்தினேன்.

கமலவல்லி என் உச்சந்தலையை ஒரு தரம் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு ஒங்க தலையும் கறுப்பாத்தான் இருந்துச்சு. நான் என்ன ஒங்களைத் திருப்பியா அனுப்பிட்டேன்?"