சனிக்கிழமை நான் தோற்ற காரணம்

தேஹு ரோடு
9-8-1999

மதிப்புக்குரிய லீலா டீச்சருக்கு, உங்கள் பார்வையற்றோர் மையத்தில் ஆறு மாதம் பயின்று வெள்ளைக்கோலோடு வீடு திரும்பிய கிருஷ்ணஸ்வாமி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி சரசா, நிற்காத மழை, மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து என்னைச் சோதித்துவிட்டு, 'கற்றது எதுவும் நினைவில்லை, மறுபடி மூன்று மாதம் வந்து தங்க வேண்டும்' என்று எழுதிவிட்டுப் போனீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். பால் பொங்குகிற சத்தம் காதில் விழுந்தும் மரம் மாதிரி நின்றேன். சட்டைப் பித்தானை ஏறுமாறாகப் போட்டுக்கொண்டேன். ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்குத் தனியாகப் போய்க் காட்டுங்கள் என்றீர்கள், நான் நேரே மாவு மில்லுக்குள் நுழைந்து யாரோ ஓர் அம்மாளின் கோதுமை மாவில் முழங்கை வரை கையை விட்டேன். மில்காரர் பாவம், இந்தக் காகா, அதாவது பெரியவர், தினமும் சரியாகத்தானே போவார் என்று மராத்தியில் ஆரம்பித்தார், அவர் காலை நன்றாக மிதித்தேன். டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஒரு போல்ட்டைக்கூட இடம் மாற்றி வைக்காதவன், உங்கள் முன்னால் அசடு வழிய நின்றேன். எல்லாம் வேண்டுமென்றே செய்தது டீச்சர். மன்னிக்க வேண்டும்.

சரசாவுக்காகச் செய்தேன். கண் போன நாலு வருஷமும் பேஸ்ட்டைப் பிதுக்கித் தருவதிலிருந்து சாதம் பிசைந்து தருவது வரை அவள்தான். மையத்திலிருந்து வந்த மறுநாள் நானே காபி போட்டு அவளிடம் நீட்டினேன். ஓவென்று அழுதுவிட்டாள். "இனிமே நான் எதுக்குன்னா உங்களுக்கு?" என்று கேட்டாள். இதைக் கேட்டபிறகு எந்தப் புருஷனுக்குக் காபி உள்ளே இறங்கும்? அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறக்க ஆரம்பித்தேன். ஒரு பொம்மனாட்டி மனசு நோகக் கூடாதுன்னு ரெண்டு டம்ளர் காபியைப் பாழ் பண்ணினா அது பாவமா, நீங்களே சொல்லுங்கோ. பாஸ் என்று போட்டு, வயசாச்சு, கொஞ்சம் மறதி என்று கீழே ஒரு வரி சேர்த்துடுங்கோ. சரசா படிக்கக் கூடாதென்றுதான் இதை பிரெயிலில் குத்துகிறேன்.

உங்கள் கைராசியில் இன்னும் நூறு பேர் தைரியமாகத் தெருவில் இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
கிருஷ்ணஸ்வாமி

பி.கு.: சரசாவைப் பற்றி மேலே எழுதினது பொய். குத்தின புள்ளியை அழிக்க முடியலை, வேற தாளும் இல்லை. அவ அப்படிக் கேக்கவே இல்லை. சந்தோஷத்துலதான் அழுதா. "அப்பாடா, இனிமே மத்தியானம் செத்த கண்ணசரலாம்"னா. இப்போ நான் கொட்டற பாலை முனகிண்டே குனிஞ்சு துடைக்கறா. நாலு வருஷமா ஸ்டேஷனுக்கும் டாக்டர்கிட்டயும் என் கையைப் பிடிச்சுண்டுதான் கூட்டிண்டு போவா. அதுக்கு முன்னாடி கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல தெருவில் ஒரு நாள்கூடப் பிடிச்சதில்லை. நீங்க கோல் குடுத்தேள், அவ கையை விட்டுட்டா. நல்ல மனசோடதான் விட்டா. அறுபத்தோரு வயசுல, கையைப் பிடிச்சுக்கோடின்னு கேக்க எனக்கு வெக்கமா இருக்கு டீச்சர்.