கொப்பளிக்காத வாய்

1. லொறி மாமாவுக்குப் பல் டாக்டர் ஒரு பற்பசை எழுதிக் கொடுத்தார்.
2. விளக்கிவிட்டுத் துப்பலாம், வாய் மட்டும் கொப்பளிக்கக் கூடாது என்றார்.
3. கொப்பளிக்காத வாயோடு மாமா முனியாண்டிக்கு விளக்கேற்றப் போனார்.
4. அதோடு அந்த வேலை அவரை விட்டுப் போனது.

பூண்டுலோயாவிலிருந்து நானுஓயா வரை தேடினாலும் லொறி மாமாவைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டிய காலத்தில், திருப்ப இடமில்லை என்று யாரோ சொன்னதற்காக மலையடிவாரம் வரை பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தவர். எங்கள் தோட்டத்துக் கடையில் சோடாப் போத்தல் திறக்கும் சாவி இருந்ததே இல்லை. மாமா இருந்தார். கடைக்காரர் போத்தலை நீட்டுவார், மாமா கடிப்பார், மூடி பறக்கும்.

அந்தப் பற்களுக்கும் வயதாகிவிட்டது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தது. பிரஷர் மாத்திரையால் வாய் எப்போதும் காய்ந்து கிடந்தது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பால் போடாத சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஹட்டனில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். வேர்கள் மிருதுவாகிவிட்டன, ஆனால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஃப்ளோரைட் அதிகமுள்ள பசை, டாக்டர் எழுதிய துண்டு இல்லாமல் கிடைக்காது. அது பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும். தண்ணீர் விட்டால் எல்லாம் போய்விடும்.

மாமாவுக்கு வந்த சிக்கல் வேறு. எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள முனியாண்டிக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால், தினமும் விளக்கேற்றுவது அவர்தான். பல் விளக்காமல் சாமியிடம் போகக் கூடாது. விளக்கிய வாயைக் கொப்பளிக்காமலும் போகக் கூடாது, அது எச்சில்.

நான் ஒழுங்காகத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். முதலில் வெறும் தண்ணீரில் பல் விளக்கிக் கொப்பளிப்பது, பிறகு சாமிக்கு விளக்கு, அதற்குப் பிறகு பசை. யாருக்கும் தெரியப் போவதில்லை.

"சாமிக்கு ஒரு வாயி, டாக்டருக்கு ஒரு வாயா புள்ள? உள்ளதச் சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

சொல்லியும் விட்டார். லொறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "சாமி, நான் வாய் கொப்பளிக்கல. டாக்டர் வேணாம்னுட்டாரு. தப்புன்னா அந்தாளுகிட்ட கேட்டுக்க." சாமி கேட்டாரோ என்னவோ, பெரட்டுக்குக் கிளம்பிய அத்தனை பேரும் கேட்டார்கள். தோட்டத் தலைவரும் கேட்டார். கோயில் காரியமும் அவர் கையில்தான்.

மறுநாள் கோயிலடியில் கூட்டம். சாமி குத்தம் வந்துவிடும், கொழுந்து குறைந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மழையில்லாமல் கொழுந்து குறைந்து பல வாரம் ஆகியிருந்தது. அந்தப் பழியும் மாமாவின் வாய்க்குள் போனது. பசை பல்லில் தங்க வேண்டிய காரணத்தை நான் விளக்கினேன். படித்த பிள்ளை அப்படித்தான் பேசும் என்றார்கள்.

தலைவர் அன்பாகத்தான் பேசினார். "இந்த வயசுல பல்லு எதுக்கு அண்ணே? எல்லாத்தையும் கழட்டிட்டு நிம்மதியா இருங்க."

மாமா தலைவரின் பக்கம் திரும்பினார். பிறகு, அவரிடம் நான் அதுவரை கேட்டிராத சிறிய குரலில் சொன்னார்.

"அவளுக்கும் இதத்தான் சொன்னீங்க தலைவரே. பல்லு முகாம்னு நீங்கதான் வரிசையில நிக்க வச்சீங்க. எல்லாத்தையும் கழட்டி, கட்டுப்பல்லுக்கு அளவும் எடுத்துட்டுப் போனாங்க. போனவங்க திரும்பி வரல. சாகுற வரைக்கும் ரொட்டிய தேத்தண்ணியில ஊறப்போட்டுத்தான் தின்னா."

மாமாவின் மனைவி, என் அத்தைக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அன்று அங்கேயே, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"கொப்பளிச்சிட்டு வாங்க அண்ணே, விளக்கு உங்களுக்குத்தான்" என்றார் தலைவர், கீழே பார்த்துக்கொண்டு.

மாமா தீப்பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கினார்.

இன்றைய நிலைமை இது. தலைவரின் மச்சான், நினைவு வரும் நாட்களில், விளக்கேற்றுகிறார். மழை வந்தது, கொழுந்தும் வந்தது. மாமாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் விடியற்காலையில் பல் விளக்கி, துப்பி, கோயிலுக்குக் கீழே ரோட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். வேர்கள் இறுகியிருக்கின்றன, புதிய சொத்தை இல்லை. அந்தப் பசைக்கு இப்போது தட்டுப்பாடு. கிளினிக்கில் மிஞ்சிய ஒரேயொரு டியூப்பில் மாமாவின் பெயரை எழுதி, என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.