பொட்டு வைத்த பெட்டரி

கலகெதர,
சரஸ்வதி பூசைக்கு மறுநாள்.

குண்டசாலையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் மூத்த மாப்பிள்ளை ராஜரத்தினம் அவர்களுக்கு, மாமனார் பொன்னையா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் சுகம். டீவிதான் சுகமில்லை.

தைப்பொங்கலுக்கு நான் பெட்டரி வயரை மாற்றிக் கொடுத்து டீவி புகைந்தபோது, நீங்கள்தான் வந்து திருத்தி, மிளகு மாதிரி கறுப்பாக டயோட் என்று ஒன்றை உள்ளே வைத்து, "இனி மாத்திக் குடுத்தாலும் எரியாது மாமா" என்றீர்கள். நேற்று பெட்டரியை கரண்ட் இருக்கிற டவுனில் சார்ஜ் பண்ணி, தோளில் சுமந்து வந்து, துடைத்து, பூசையில் வைத்து, அதன் ஒரு முனைக்குச் சந்தனமும் மறு முனைக்குக் குங்குமமும் நானே அப்பி, கற்பூரமும் காட்டினேன். சாயங்காலம் படம் பார்க்க லயத்து வரிசை வீட்டுச் சனமே நம் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்க, சிவப்பு வயரை ஒழுங்காகச் சிவப்புப் பக்கம் மாட்டி சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை, நீங்கள் சொன்னது உண்மை. தெரியவும் இல்லை. தட்டிப் பார்த்தேன், ஏரியலைத் திருப்பிப் பார்த்தேன், உங்கள் அத்தை விபூதி கூடப் பூசிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வீரய்யா, "போன தடவை புகையாச்சும் வந்துச்சு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எழும்பிப் போனான். அவன் பின்னாலேயே மொத்தச் சனமும் போயிருச்சு. எனக்கு மானமே போச்சு மாப்பிள்ளை.

ஆகவே தீர யோசித்து எழுதுகிறேன். சின்னவள் அன்னலட்சுமியை உங்கள் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேசியது இதோடு நிற்கட்டும். அண்ணன் வைத்த டயோட்டே இப்படியென்றால், தம்பியை நம்பி எப்படிப் பெண்ணை அனுப்புவேன்? வெள்ளிக்கிழமை தட்டு எடுத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். அவள் அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மூத்தவளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்களுக்கும் ஆசிதான், கோபத்தோடு.

இப்படிக்கு,
பொன்னையா

பி.கு.: அழுத கண்ணோடு அன்னலட்சுமி பெட்டரியைத் துடைத்தாள். என் குங்குமத்துக்கு அடியில் கழித்தல் குறி இருந்தது, சந்தனத்துக்கு அடியில் கூட்டல் குறி. வயரை மாற்றி மாட்டினாள், படம் தெரிகிறது. "அத்தான் வச்சது மட்டும் இல்லாட்டி, நீங்க வச்ச பொட்டுக்கு டீவி போயிருக்கும்ப்பா" என்கிறாள். மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தம்பியோடும் தட்டோடும் அவசியம் வரவும். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தேன், அப்படியே போகட்டும் என்று அவள் தடுத்துவிட்டாள். வரும்போது இன்னொரு டயோட்டும் கொண்டுவரச் சொன்னாள். டீவிக்குத்தான் ஒன்று இருக்கிறதே என்றேன். என்னையே மேலும் கீழும் பார்த்துச் சிரிக்கிறாள்.