தகரக் கூரைக்கு மஞ்சள் பஞ்சு

ஒரே ஆளுக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை அம்மை வந்து நீங்கள் பார்த்ததுண்டா? உத்திரமேரூர் பக்கம் சின்னராசுவுக்கு வந்தது.

பிரசவத்துக்குத் தென்னேரி போன மனைவி வளர்மதி, குழந்தைக்கு ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை.

"தகரத்துக்கு அடியில கொயந்தைய வேக வெக்கச் சொல்றியா? எங்கம்மா வூடும் தகரந்தான். உள்ள ஜில்லுனு கீது" என்று போனை வைத்துவிட்டாள்.

மாமியார் வீட்டிடம் தோற்பதா? வேலை பார்க்கும் குடோனில் கழித்துப் போட்ட மஞ்சள் பஞ்சைக் கொண்டுவந்து, கூரைக்கு அடியில் கம்பி கட்டிச் செருகினான். வீடு குளிர்ந்தது. மூன்றாம் நாள் கழுத்து, கை, முதுகெல்லாம் சிவந்து தடித்து அரித்தது.

எதிர்வீட்டு சொக்கம்மாள் எட்ட நின்று பார்த்துவிட்டு, ஆத்தா வந்திருக்கிறாள் என்றாள். வாசலில் வேப்பிலை ஏறியது. குளிக்கக் கூடாது, வெளியே வரக் கூடாது. அதே கூரைக்குக் கீழேயே படுத்துக் கிடந்தான். எரிச்சல் தாங்காமல் ஃபேனை முழு வேகத்தில் வைத்தான். பஞ்சுத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. இருமலும் சேர்ந்துகொண்டது.

ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அரிப்பு அடங்கியது. மதியம் வீட்டுக்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தான். ஆத்தா திரும்பி வந்திருந்தாள்.

"கூழு ஊத்துறேன்னு வேண்டிக்கினு ஏமாத்துனியா?" என்றாள் சொக்கம்மாள்.

கூழ் ஊற்றினான். மூன்றாவது முறையும் வந்தாள். அம்மை கண்ட வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிவர மாட்டேன் என்று வளர்மதி கறாராகச் சொல்லிவிட்டாள்.

கடைசியில் ஊர் நர்ஸ் வந்து அவன் கைமேல் டார்ச் அடித்தார். மினுமினுவென்றது.

"அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. அது கண்ணாடிய நூலா இழுத்த பஞ்சுப்பா. மூடாம வெச்சி அதுக்கடியிலயே தூங்கிக்கினு கீற. பச்சக் கொயந்த மூச்சுல போனா இன்னா ஆவும்?"

அவர் சொன்னபடி மூக்கில் துணி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிரித்து மூட்டை கட்டினான். தகரத்துக்கு மேலே வெள்ளை பெயிண்ட் அடித்தான். உள்ளே மூங்கில் தட்டி. அதுவும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வந்தது அம்மை இல்லை, மஞ்சள் பஞ்சுதான் என்று வளர்மதிக்குப் போன் போட்டுச் சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள் வளர்மதி, இடுப்பில் குழந்தையோடு. பின்னாலேயே அவள் தம்பி மோகன்குமார். சின்னராசு நெஞ்சை நிமிர்த்தி, வீடு எப்படி ஜில்லென்று இருக்கிறது பார் என்றான்.

மோகன்குமார் கழுத்தைச் சொறிந்தான்.

"வூட்ட பாக்கவா வந்தோம் மாமா? எங்க கூரைக்கு அடியிலயும் ஏதோ மஞ்சப் பஞ்சு. மூடியிருந்த பிளாஸ்டிக்க எலி கிழிச்சதுல இருந்து எல்லாருக்கும் ஆத்தா வந்துக்கினே கீது."

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சின்னராசு மூக்கில் துணி கட்டிக்கொண்டு தென்னேரியில் மாமனார் வீட்டுக்குள் ஏணி போட்டான்.