என் பனையும் என் காரும்

எழுதப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பத்தாம் வகுப்போடு நின்ற நான் பேனா பிடிப்பது அதிகப்பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். (அரிசி, சீனி வாங்கும் கூப்பன் கடையில் கூட மனைவி திரேசம்மாதான் பேசுவாள்.) என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். அதுவும் ஒரு பனைமரத்துக்காக.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது சொந்த ஊர் கரம்பொனில் எங்கள் வீட்டு வளவு இருந்தது, வேலி இல்லை. பக்கத்து வளவு சவிரிமுத்து அண்ணையுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பனை நின்றது. ஷெல் பட்டுத் தலை போன மொட்டைப் பனை. ஓலையும் இல்லை, நுங்கும் இல்லை. காகம்கூட அதில் நின்று யோசித்துவிட்டுப் பறந்துவிடும். அதற்காக நானும் அண்ணையும் நாலைந்து வருடம் முகம் பாராமல் திரிந்தோம். கடைசியில் ஊர் வழக்குத் தீர்க்கும் இணக்கசபைக்குப் போய், "அது என்ரை அப்பு நட்ட பனை" என்று சபை அதிரச் சொன்னேன். பனை எனக்கே என்று தீர்ந்தது. உலகத்தையே வென்ற மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் காலத்தில்தான் யுத்தம் ஓய்ந்து, தெற்கிலிருந்து ஆட்கள் வரப் பாதை திறந்தார்கள். நான் ஒரு பழைய ஒஸ்டின் கார் வாங்கினேன். நயினாதீவு அம்மாள் திருவிழாவுக்கு வருகிறவர்களை யாழ்ப்பாணத்திலிருந்து படகேறும் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றிப் போவது யோசனை. (நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். என்றாலும் அம்மாளை நம்பித்தான் கார் வாங்கினேன்.) கையில் இருந்ததெல்லாம் அதற்குள் போய்விட்டது. திருவிழாவுக்குக் கார் ஓடாவிட்டால் அந்த வருடம் எங்கள் குசினியில் புகை வராது.

காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தார். நல்ல பொறுமையான பொடியன்.

"அண்ணை, தேர்ட் பார்ட்டி எண்டால் நீங்கள் மற்றவைக்குச் செய்யிற சேதத்துக்கு மட்டுந்தான். உங்கட காருக்கு ஒரு சதமும் வராது. ஃபுல் எடுத்தால் இடிச்சாலும், எரிஞ்சாலும், மரம் முறிஞ்சு விழுந்தாலும் நாங்கள் பாப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மரமோ? கார் நிக்கிற இடத்திலை ஒரு பனைதான் நிக்குது. அதுவும் என்ரை பனை. என்ரை பனை என்ரை காருக்கு மேலை விழுமோ?"

"இஞ்சருங்கோ," என்றாள் திரேசம்மா, "ஆரின்ரை கார் எண்டு பாத்து விழ, பனைக்குக் கண்ணிருக்கே?"

மூன்றாம் தரப்பே போதும் என்று கையெழுத்து வைத்தேன்.

திருவிழாக் கொடியேற இரண்டு நாள் இருக்கும்போது சோளகக் காற்றுத் தொடங்கியது. பின்நேரம் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து திரேசம்மா கத்தினாள்.

"இஞ்சருங்கோ! உங்கட பனை வந்திட்டுது!"

ஈரத் துண்டோடு ஓடினேன். பனை பாதியில் முறிந்து, காரின் கூரை மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. அரை மணித்தியாலத்தில் கரம்பொன் முழுவதும் எங்கள் வளவில் நின்றது. யாரோ போய் முகவரைக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஃபுல் எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை அண்ணை. இப்ப கொம்பனி ஒண்டும் தராது. வேணுமெண்டால் பனைக்காரரிட்டை நட்டஈடு கேட்டுப் பாக்கலாம். பனை ஆரின்ரை?"

ஊரே என்னைப் பார்த்தது.

"அது... எல்லையிலைதான் நிண்டது," என்றேன். "வடிவாப் பாத்தால் அடிமரம் சவிரிமுத்து அண்ணையின்ரை பக்கந்தான் கொஞ்சம் கூட..."

சவிரிமுத்து அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பனையில் கையை வைத்தார். நாலைந்து வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீர் சபையிலை சொன்னதுதான் சரி. நான்தான் இவ்வளவு காலமும் பிழையா நினைச்சுக்கொண்டிருந்தனான். இது உம்மடை அப்பு நட்ட பனைதான்." முகவர் பக்கம் திரும்பினார். "தம்பி, எழுதுங்கோ, நான் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன்."

ஊர் சிரித்த சிரிப்பில் மிச்சப் பனையும் விழுந்திருக்கும். எல்லாரையும் விடக் கூடச் சிரித்தவள் திரேசம்மா. கொஞ்ச நேரத்தில் சவிரிமுத்து அண்ணைக்கும் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது. பிறகு எனக்கும்.

இப்போதும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் எதையாவது பிடித்துக்கொண்டு "இது என்ரை" என்று சண்டை பிடித்தால், திரேசம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்பாள்: "வடிவா யோசிச்சுச் சொல்லு. விழுந்தால் ஆரின்ரை?"

மறுநாள் காலை சவிரிமுத்து அண்ணை மரம் அறுக்கிற வாள் கொண்டுவந்து பனையை அரிந்தார். இருவரும் காருக்குள் மல்லாந்து படுத்து, கூரையைக் காலால் உதைத்து நிமிர்த்தினோம். முகவரிடம் போய் ஃபுல் கேட்டேன். இந்தக் கூரையோடு ஏலாது என்றார். அதற்கடுத்த நாள் கொடியேற்றத்துக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போனேன். அதில் உயரமான ஒருவர் மட்டும் வழி முழுவதும் குனிந்தபடி வந்தார்.