இரண்டாம் மாடிக் குழாயும் மூன்று கிரெடிட்டும்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

பொருள்: தங்கள் மகளின் தனிப் படிப்பு – தலைப்பை மாற்ற ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் இரண்டு மாதத்துக்கு முன் தொலைபேசியில் அழுதது.

தாங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. வலது மணிக்கட்டில் சுளுக்கு. ஷூ இரண்டும் இன்னும் காயவில்லை. காரணம் கீழே வருகிறது. போனில் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள் என்பதால் எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு 'தாங்கள்', 'தங்கள்' என்று நீட்டி எழுத முடியவில்லை. இனி நீ என்றே எழுதுகிறேன்.

தனிப் படிப்பு என்றால் என்னவென்று அன்றைக்குக் கேட்டாய், நான் மீட்டிங்கில் இருந்தேன். கடைசி வருடத்தில் ஒரு மாணவி தனக்குப் பிடித்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, வகுப்பு கிகுப்பு எதுவும் இல்லாமல், ஒரு பேராசிரியரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பதினைந்து வாரம் தானே தேடிப் படித்து ஒரு கட்டுரை எழுதுவது. முடித்தால் மூன்று கிரெடிட். அந்த மூன்று இல்லாமல் உன் மகளுக்குப் பட்டம் கிடையாது. தனியாகப் படிப்பதற்கு ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவன் நான். மகன், மகள், மனைவிக்கு வழிகாட்டக் கூடாது என்று எழுதியவன், கூடவே 'அக்கா மகள்' என்றும் சேர்த்திருந்தால் இன்று என் ஷூ காய்ந்திருக்கும். "நீ ஒருத்தன் அங்க இருக்கறப்ப என் பொண்ணு எதுக்குடா கண்டவன் ரூம் வாசல்ல போய் நிக்கணும்?" என்று நீ அழுதாய். நான் சரி என்று தொலைத்தேன்.

முதல் நாள் அவள் கொண்டுவந்த தலைப்பு 'உலகில் தண்ணீர்'. நான் ஒரு மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "சுருக்கும்மா" என்றேன். இருபத்தாறு வருடமாக இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்; எதையும் படிக்காமலே சொல்லக்கூடிய அறிவுரை அது ஒன்றுதான். அடுத்த வாரம் 'நகரங்களில் தண்ணீர்' என்று வந்தாள். "இன்னும் சுருக்கு." அதற்கடுத்த வாரம் 'நம் பல்கலைக்கழகத்தில் தண்ணீர்'. "நல்லா வருது, இன்னும் கொஞ்சம்." நான்காவது தடவை என்னை லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல சுருக்க முடியாது மாமா" என்றாள். லிஃப்ட் கதவு மூடப் போகிறது, படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தேன். எனக்குப் பிறகு ஆறு பேர் போட்டார்கள். ஏழு பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. படித்தது எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் அம்மா மட்டும்தான், பாவம், பதிவேட்டில் அவர் அதைக் கையால் எழுதியாக வேண்டும். படிவத்தோடு என் அறைக்கு வந்து, "சார், இது நம்ம குழாய்தானே?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். 'இரண்டாம் மாடியில் ஓர் ஒழுகும் குழாய்: நான்காண்டுப் பொறுப்பு குறித்த ஆய்வு.' அக்கா, எங்கள் பொது நிர்வாகத் துறையில் கை கழுவுகிற இடத்துக் குழாய் அது. நான்கு வருடமாகச் சொட்டுகிறது. கட்டடப் பராமரிப்புக் குழுவுக்கு நான்கு வருடமாக நான்தான் தலைவர். இந்த மாதம் இருபதாம் தேதி டீன் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். என் விண்ணப்பத்தில் 'குழுவின் நிலுவையிலுள்ள புகார்கள்: ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த நாற்காலிக்காக நான் எத்தனை வருடம் எத்தனை பேருடைய ஜோக்குக்குச் சிரித்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

வாராவாரம் என்ன செய்வது என்று திட்டமும் போட்டிருக்கிறாள். முதல் வாரம், சொட்டுகளை எண்ணுதல். நிமிடத்துக்கு நாற்பத்தொன்று. இரண்டாம் வாரம், கோப்பைப் படித்தல். அதில் ஐம்பத்துமூன்று கடிதங்கள் இருக்கின்றனவாம், எனக்கே தெரியாது. குழாயில் தண்ணீர் வருவதால் அது தண்ணீர்ப் பிரிவின் பொறுப்பு என்று கட்டடப் பிரிவும், குழாய் சுவரில் இருப்பதால் கட்டடப் பிரிவின் பொறுப்பு என்று தண்ணீர்ப் பிரிவும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு ரப்பர் வாஷருக்கு மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். அது வருவதற்குள் ஒரு கடையையே மூடிவிட்டார்கள், மறுபடியும் முதலிலிருந்து. ஆனால் அடியில் வைக்க வாளி மட்டும் பதினோரு நாளிலேயே வந்துவிட்டது. வாளியைக் காலி செய்ய ஓர் ஆளும், அவர் காலி செய்த நேரத்தை எழுத ஒரு பதிவேடும், பதிவேட்டைச் சரிபார்க்க ஒரு துணைக் குழுவும் போட்டோம். ஒன்பதாவது கூட்டத்தில் அந்த ஏற்பாட்டைப் பாராட்டித் தீர்மானம் வேறு போட்டிருக்கிறோம். கீழே என் கையெழுத்து. மூன்றாம் வாரம், குழுத் தலைவரைப் பேட்டி காணுதல். போனை மேஜைமேல் வைத்து ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது, நான் உன் வழிகாட்டி இல்லையா?"

"திங்கட்கிழமை வழிகாட்டி மாமா. புதன்கிழமை சாட்சி. இன்னைக்குப் புதன்."

"பிளம்பர் பெத்த பொண்ணு நீ. ஒரு வாஷரைப் போட்டுட்டுப் போயேன். அஞ்சு நிமிஷ வேலை."

"நாலு நிமிஷம். ஆனா போட்டா அது பிளம்பிங் மாமா. போடாம விட்டாத்தான் ஆராய்ச்சி."

இந்த வாய் அவளுக்கு உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், அத்தானுக்கு வாயே கிடையாது. நீ அவரைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது "போயும் போயும் குழாய் மாட்டறவனையா?" என்று கேட்டவன் நான். நீ அதை மறந்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அது நன்றாக ஞாபகம் வந்தது.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழாயை நானே சரி செய்யப் போனேன். ஒழுகாவிட்டால் தலைப்பு இல்லை, தலைப்பு இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை என்று கணக்குப் போட்டேன். காலை பத்து மணி, கட்டடத்தில் ஈ காக்கை கிடையாது. வாஷரும் ஸ்பானரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்த் திருகினேன், அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன், மணிக்கட்டு திரும்பியது. மூன்றாவது தடவை குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. முதலில் மெயின் வால்வை மூட வேண்டும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் போடவில்லை, அக்கா. தண்ணீர் நேராக முகத்தில் அடித்தது. இரண்டு கையாலும் அடைத்துப் பிடித்துக்கொண்டு "யாராவது வாங்க, யாராவது வாங்க" என்று கத்தினேன். வந்தது வாட்ச்மேனும் உன் மகளும். ஞாயிற்றுக்கிழமைச் சொட்டை எண்ண வந்தாளாம். முதலில் மூன்று போட்டோ எடுத்தாள், அதற்குப் பிறகுதான் வால்வை மூடினாள். அதற்குள் தண்ணீர் தரையில் இறங்கி, நேர் கீழே டீன் அறையில், மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டு அந்த நாற்காலியின்மேல் கொட்டித் தீர்த்துவிட்டது. வாட்ச்மேன் தன் பதிவேட்டில் '10.20. பேராசிரியர். கையில் குழாய்' என்று எழுதி என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். உன் மகள் என் பையிலிருந்த வாஷரை எடுத்துப் போட்டுக் குழாயை மாட்டினாள். நாலே நிமிஷம். சொட்டு நின்றுவிட்டது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடம் சத்தமில்லாமல் இருந்தது, மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஒழுக்கு நின்றது, அவள் நிற்கவில்லை. "கடைசி அத்தியாயம் கிடைச்சிடுச்சு மாமா" என்கிறாள். அதனால்தான் உன் காலில் விழுகிறேன். தலைப்பை மாற்ற வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. பறவைகள், மேகங்கள், பக்கத்து நாட்டுத் தேர்தல் முறை, எதையாவது எடுத்துக்கொள்ளச் சொல். எதைக் கொண்டு வந்தாலும் வழக்கம்போலப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். நீ அழுது காட்டினால் அவள் கேட்பாள், நான் கேட்டேனே.

அத்தானுக்கு என் வணக்கங்கள், இந்தத் தடவை மனதார. உன் மகள் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழட்டும், வேறு ஏதாவது கட்டடத்தில்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
தலைவர், கட்டடப் பராமரிப்புக் குழு.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது போன் வந்தது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. திரும்ப எழுத மணிக்கட்டு விடாது என்பதால் அப்படியே அனுப்புகிறேன். பேசியது டீன் தேர்வுக் குழுவின் தலைவர். நான் மாணவர்களுக்கு வழிகாட்டியதற்குச் சான்றாக உன் மகளின் படிவத்தையும் என் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள், தலைமை எழுத்தர் அம்மாவின் கைங்கரியம். "தன் குழுவையே ஆராயச் சொல்லி ஒரு மாணவிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களே சார், இந்த மனசு யாருக்கு வரும்?" என்று அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. 'ஏதுமில்லை' என்ற வரியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. தலைப்பைத் தாண்டிப் படிக்கிற வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை என்பதை நான்தான் மறந்து பயந்துவிட்டேன். ஆகவே உன் மகள் தலைப்பை மாற்றவே கூடாது. ஆனால் ஒரு சிக்கல். வியாழக்கிழமை தேர்வுக் குழுவின் ஐந்து பேரும் அந்தக் குழாயை நேரில் பார்க்க வருகிறார்கள், குழாயோ ஒழுகவில்லை. "பழையபடி ஆக்கிக் குடும்மா" என்று உன் மகளைக் கேட்டுப் பார்த்தேன்.

"ஒழுகாத குழாயை ஒழுக வைக்கறது பிளம்பிங்கும் இல்ல, ஆராய்ச்சியும் இல்ல மாமா."

"பின்ன என்ன?"

"நிர்வாகம். உங்க சப்ஜெக்ட்."

ஆகையால், அத்தானிடம் சொல்லி அரை இஞ்ச் வாஷர் ஒன்று, நன்றாகத் தேய்ந்துபோன பழையதாகப் பார்த்து, புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்பு. ஆபீஸ் மூலமாகக் கேட்டால் நாலு வருடம் ஆகும். அத்தானே நேரில் வந்து மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. அந்த வால்வு எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்னும் தெரியாது.